பெயர் உங்களுடையது, நம்பர் யாருடையது?

(கொல்லிமலை செம்மேட்டில் நடைபெற்ற அரசு நலத்திட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்திருக்கிறேன். பாதி வழியிலேயே என் செல்போனில் சிக்னல் அறுந்துவிட்டது. கீழ்நாட்டுக்காரனான எனக்கு அது ஒரு மணி நேரத் தொல்லை. உங்களுக்கோ அது அன்றாட வாழ்க்கை. ஆனால் அரசாங்கம் இன்று "நீ யார்?" என்ற கேள்வியை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பதில்லை. அந்தச் சின்னப் பெட்டியிடம்தான் கேட்கிறது. அதில் ஒரு ரகசிய எண் வந்து விழுந்தால் நீங்கள் நீங்கள்தான். விழாவிட்டால் நீங்கள் இல்லை!

ஏன் இந்த நிலை? இதற்கொரு கதை இருக்கிறது.

பிரதமரின் விவசாயிகள் உதவித்திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. நிலமுள்ள விவசாயக் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணை. இங்கே பலர் பெற்றுக்கொண்டிருக்கிறீர்கள். 2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கு நேரம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் உள்ளிட்ட 13 மாவட்டங்களில் இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை திடீரென்று எகிறியது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் விவசாயிகள் ஆனார்கள். "கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுங்கள்" என்று சொல்லி வாங்கிப் போனார்கள் என்று பல ஊர்களிலிருந்து செய்தி வந்தது. அன்றைய வேளாண்துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி 2020 செப்டம்பரில் கணக்கை வெளியிட்டார். தகுதியற்றவர்கள் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய்.

சகோதரர்களே, இங்கேதான் நாம் நின்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். இந்தத் திருட்டை யார் செய்தார்கள்? மலையில் மிளகு பறிக்கும் பாட்டியா? சாமை விதைக்கும் தாத்தாவா? இல்லை! அதிகாரிகளிடம் மட்டுமே இருக்க வேண்டிய பாஸ்வேர்டு வெளியே போயிற்று. ஒப்பந்த ஊழியர்களும் இடைத்தரகர்களும் அதை வைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, மனுக்களை அவர்களே போட்டு, அவர்களே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டார்கள். 80 ஒப்பந்த ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். 34 அதிகாரிகள் இடைநீக்கம் ஆனார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது.

கதவைத் திறந்துவிட்டவன் உள்ளே இருந்தவன். ஆனால் அதற்குப் பிறகு போட்ட பூட்டு யார் வீட்டு வாசலில்? உங்கள் வாசலில்! இ-கே.ஒய்.சி. என்று ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். ஆதாரில் பதிந்த செல்போனுக்கு ரகசிய எண் வரவேண்டும், அல்லது சேவை மையத்தில் கைரேகை விழவேண்டும். முடிக்காதவருக்குத் தவணை நிற்கும்.

சரிபார்ப்பே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 110 கோடி ஏழையின் பணம். அதைக் காக்க ஒரு காவல் வேண்டும்தான். என் சொந்தச் சமுதாயத்தைப் பற்றியும் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் அல்லன். சிறுபான்மை மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகையில், சோதித்த 1,572 நிறுவனங்களில் 830 போலியானவை அல்லது செயல்படாதவை என்றும், இழப்பு 144 கோடிக்கு மேல் என்றும் மத்திய அமைச்சகம் 2023இல் அறிவித்து சி.பி.ஐ. விசாரணைக்கு அனுப்பியது. அந்தப் பட்டியலில் மதரஸாக்களின் பெயரும் அடிபட்டது. படிக்கிற பிள்ளையின் பெயரில் இல்லாத பிள்ளைக்குப் பணம் வாங்கியவன் எவனாக இருந்தாலும் அவனுக்காக வாதாட மாட்டேன். இப்போது அந்த உதவித்தொகைத் தளத்திலும் பதிவு செய்யச் செல்போனில் முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. திருடியவன் ஒருவன், முகம் காட்ட வரிசையில் நிற்பவன் இன்னொருவன்!

இனி என் தவறைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் ஏறி வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆதார் முகாமில் மக்களுக்கு உதவியாக நின்றேன். "செல் நம்பர் என்ன?" என்று கேட்பார்கள். செல்போனே இல்லாதவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். நான் பெருந்தன்மையாக, "என் நம்பரைப் போடுங்கள்" என்று சொல்லிவிடுவேன். அப்படி 17 பேருக்கு என்னுடைய இரண்டாவது சிம்மின் எண். நல்லது செய்கிறோம் என்ற பெருமை வேறு! பிறகு அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டேன். 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். அதன்பின் இன்னொரு 90 நாள் கழித்து அதே எண் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகலாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

அந்தப் 17 பேரில் ஒருவர் இந்த மலையைச் சேர்ந்த ஒரு பாட்டி. இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், பெயர் சொல்ல மாட்டேன். அவருக்குத் தவணை நின்றது. சேவை மையத்திற்குப் போனார். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. ரகசிய எண் அனுப்பினார்கள். அது என் செத்துப்போன சிம்முக்குப் போனது. இரண்டு தவணை, 4,000 ரூபாய். பஸ் செலவு தனி. என்னைத் தேடி வந்தபோது அவர் கோபப்படவில்லை. "நீ படிச்சவன்னு நெனச்சேன் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பக்கம் அமானிதம் என்று ஒரு சொல் உண்டு. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள். அந்த 17 பேரின் பெயருக்கு நான் என் எண்ணைக் கொடுத்தேன் என்று நினைத்தேன். உண்மையில் அவர்களுடைய கையெழுத்தை என் பையில் வைத்துத் தொலைத்துவிட்டேன். நானாவது கவனக்குறைவானவன். அதே இடத்தில் ஒரு தரகர் இருந்தால்? உங்கள் பெயரில் வரும் ஒவ்வொரு ரகசிய எண்ணும் அவர் கைக்குப் போகும். நீங்கள் அறியாமலே ஒரு மனு போகும், ஒரு கணக்கு மாறும்.

ஆகவே முதல் காரியம், உங்கள் ஆதாரில் இருப்பது யார் எண் என்று பாருங்கள். கடைக்காரர் எண்ணா, தரகர் எண்ணா, என்னைப் போன்ற சேவைக்காரர் எண்ணா, எதுவானாலும் மாற்றுங்கள். சொந்த போன் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் பிள்ளையின் எண்ணைப் போடுங்கள். 2021 ஜூலையிலிருந்து தபால்காரரே வீட்டுக்கு வந்து எண்ணைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. தபால் நிலையத்தில் கேளுங்கள். "அப்படி ஒன்று இல்லை" என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். மகளிர் உரிமைத்தொகை தொடங்கிய 2023இல், போனில் ரகசிய எண் கேட்டால் சொல்லாதீர்கள் என்று அரசே எச்சரித்தது. வங்கியிலிருந்து என்பான், தாலுகா ஆபீஸ் என்பான். எண் கேட்கிறவன் எவனும் உங்களுக்குப் பணம் கொடுக்க வந்தவன் அல்லன். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930க்குப் போன் போடுங்கள்.

அடுத்தது உரிமை. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் தீர்ப்பளித்தபோது, சரிபார்ப்பு தவறுகிறது என்பதற்காகத் தகுதியானவர் விடுபட்டுவிடக் கூடாது என்பதைப் பதிவு செய்தது. அதற்கு முன்பே 2017 அக்டோபரில் ஆதார் ஆணையம், ரேகை விழவில்லை, சிக்னல் இல்லை என்று சொல்லி ரேஷனையும் உதவியையும் மறுக்காதீர்கள், பதிவேட்டில் எழுதிக்கொண்டு கொடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அது சும்மா வரவில்லை. அதற்கு முந்தைய மாதம் ஜார்கண்டில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதார் இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தாகி, பட்டினியால் செத்தாள் என்றது குடும்பம். நோயால் என்றது அரசு. அந்தச் சுற்றறிக்கை இந்த மலையின் எத்தனை கவுண்டர்களில் ஒட்டப்பட்டிருக்கிறது? நான் பார்த்தவரை ஒன்றில்கூட இல்லை.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. 2023 ஜூனிலிருந்து விவசாயிகள் திட்டத்தின் செயலியில் முகத்தைக் காட்டியே இ-கே.ஒய்.சி. முடிக்கலாம். ரகசிய எண்ணும் வேண்டாம், ரேகையும் வேண்டாம். ஒருவர் தன் போனில் தனக்கு முடித்தபின் இன்னும் 100 பேருக்கு அவரவர் வீட்டு வாசலிலேயே செய்து தரலாம். சிக்னல் கிடைக்கிற மேடு எதுவென்று உங்களுக்குத்தான் தெரியும். பாட்டியை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் உங்கள் நம்பரை அவர் பெயரில் பதிந்துவிடாதீர்கள். காசும் வாங்காதீர்கள்.

இன்னும் பேசலாம், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது. 17 பேரில் 11 பேருக்கு எண்ணை மாற்றிவிட்டோம். மீதி ஆறு பேரில் இருவர் வளப்பூர் நாட்டுப் பக்கம் குடிபோய்விட்டதாகச் சொல்கிறார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வந்து என்னிடம் சொல்லுங்கள். பட்டியல் என் கையில் இருக்கிறது.