அடியில எதை விரிக்கிறது? பட்டர் பேப்பர், ஃபாயில், வாழை இலை

சூப்பர் மார்க்கெட்ல பட்டர் பேப்பர், பேக்கிங் பேப்பர், வேக்ஸ் பேப்பர், ஃபாயில்னு நாலு ரோல் வரிசையா இருக்கும். எல்லாம் ஒண்ணுதானேன்னு கையில கிடைச்சதை எடுத்துட்டு வர்றோம். ஆனா நாலும் வேற வேற. மாத்திப் போட்டா கேக் ஒட்டுறதோட போகாது. சாப்பாட்டுல வேண்டாதது சேரும்.

எனக்கு ஊர் கீழக்கரை. எங்க ஊர் தொதல் சாப்பிட்டிருக்கீங்களா? அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் சேர்த்து, எண்ணெய் பிரியுற வரைக்கும் கைவலிக்கக் கிண்டி இறக்கணும். கொதிக்கிற சூடு, எண்ணெய், பிசுபிசுப்பு மூணும் அதுல இருக்கு. அதனால தொதலை வெச்சே இந்த நாலையும் சோதிச்சுப் பார்ப்போம்.

முதல்ல வேக்ஸ் பேப்பர். மேல இருக்கிறது மெழுகு. சூடு பட்டா உருகி தொதல்ல ஏறிடும். ஆறின பலகாரத்தைச் சுத்த மட்டும் வெச்சுக்கோங்க. ஓவன் பக்கமே வேண்டாம்.

பட்டர் பேப்பர் எண்ணெயைத் தாங்கும். ஆனா நம்ம கடைகள்ல அந்தப் பேர்ல விக்கிறதுல பலதுக்கு சிலிக்கோன் பூச்சு இருக்காது. நெய் தடவாம ஊத்தினா, தொதலோட பேப்பரும் சேர்ந்து வரும்.

பேக்கிங் பேப்பர்ல சிலிக்கோன் பூச்சு உண்டு, அதனால ஒட்டாது. பெரும்பாலும் 220 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், பெட்டியில போட்டிருக்கிற அளவைப் பாருங்க. ஓ.டி.ஜி. வெச்சிருக்கிறவங்க, பேப்பர் நுனி கம்பியில படாம வெட்டிக்கோங்க. பட்டா பத்திக்கும்.

ஃபாயில் சூட்டைத் தாங்கும், புளிப்பையும் உப்பையும் தாங்காது. புளி, எலுமிச்சை, தக்காளி பட்டா அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமா கரையும். மசாலா தடவின மீனை நேரா ஃபாயில்ல சுத்தாதீங்க. உள்ளே வாழை இலை, வெளியே ஃபாயில். இலையை முதல்ல தணல்ல லேசா வாட்டிட்டா மடிக்கும்போது கிழியாது. பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயான்னு கேக்குறீங்க. எந்தப் பக்கமும் ஒண்ணுதான். தொழிற்சாலையில கடைசியா ரெண்டு தகட்டைச் சேர்த்து உருட்டுறாங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருந்த பக்கம் மங்கிடுது, அவ்வளவுதான்.

இந்த நாலுலயும் சேராத ஒண்ணு இருக்கு: நியூஸ் பேப்பர். பஜ்ஜி, வடைன்னு சூடா எண்ணெயோட வெச்சா, அச்சு மை சாப்பாட்டுல இறங்கும். அந்த மையில ஈயம் மாதிரியான உலோகங்கள் இருக்கலாம். உணவைச் சுத்த நியூஸ் பேப்பர் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தோட 2018 பேக்கேஜிங் விதிமுறைகளே சொல்லுது.

நோன்பு மாசத்துல வீட்டுலயே பலகாரம் செஞ்சு விக்கிறவங்களுக்கு இதைக் குறிப்பாச் சொல்றேன். உங்க சமோசாவை வாங்கிட்டுப் போறது சின்னப் பிள்ளைங்களுக்கும்தான். எண்ணெய் வடிக்க ஒரு கம்பி வலைத் தட்டு போதும், பேப்பரே தேவைப்படாது.

அதனால ரோலை எடுக்கும்போது மூணு கேள்வி: எவ்வளவு சூடு? புளிப்போ உப்போ இருக்கா? ஒட்டுமா? சூடும் ஒட்டுறதும் இருந்தா பேக்கிங் பேப்பர். புளிப்பு இருந்தா ஃபாயில் நேரா படக்கூடாது. வாசலுக்கு வெளியே வாழை நிக்குதுன்னா, கடைக்கே போக வேண்டாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.