நால்வர் இசை



ஜாஸ் இசை என்றதும் எக்காளங்களின் முழக்கமும் நடன மண்டபத்தின் ஆரவாரமுமே பலர் நினைவிற்கு வரும். ஆயின், அவ்விசையில் அமைதியை நாடும் பிரிவும் ஒன்றுண்டு. மூவரோ நால்வரோ கூடி, ஒருவர் வாசிப்பை மற்றவர் செவிமடுத்து, அடக்கமாக இசைப்பது அது. அறையிசை ஜாஸ் என அதனைக் கூறலாம். 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அமைந்த ‘மொடேர்ன் ஜாஸ் குவாட்டெற்’ என்னும் நால்வர் குழு இதற்குத் தக்க சான்றாகும்.

இதன் தோற்றமே சுவையானது. 1946இல் எக்காள விற்பன்னர் டிஸி கில்லெஸ்பி பெரியதொரு வாத்தியக் குழுவை நடத்தினார். உச்சத் தொனிகளை ஊதி ஊதிக் கலைஞரின் உதடுகள் களைத்துவிடும். அவர்கள் இளைப்பாறும் வேளையில், பியானோ முதலியன வாசித்த நால்வர் மட்டும் தனித்து இசைத்தனர். இடைவேளையை நிரப்பப் பிறந்த இசையே பின்னர்த் தனிக்கலையாக வளர்ந்தது.

குழுவில் ஜோன் லூயிஸ் பியானோவும், மில்ற் ஜக்சன் வைபிரபோனும், பேர்சி ஹீத் பேஸ் வாத்தியமும் வாசித்தனர். முரசு கெனி கிளார்க்கிடம் இருந்தது. 1955 முதல் கொனி கே அதனை ஏற்றார். வைபிரபோன் என்பது உலோகத் தகடுகளைக் கோல்களால் தட்டி இசைப்பது. தகடுகளின் கீழுள்ள குழாய்களில் சுழலும் வட்டுகள் நாதத்தை அலையச் செய்யும். ஜக்சன் அச்சுழற்சியைத் தளர்த்தி, குரலின் அசைவையொத்த நாதத்தை எழுப்பினார்.

லூயிஸ் மேனாட்டுச் சாஸ்திரிய இசையை முறையாகக் கற்றவர்; வரம்பை விரும்பியவர். ஜக்சனோ மனோதர்மத்தில் திளைத்தவர். ஜக்சன் கற்பனை விரித்துச் செல்கையில், லூயிஸ் சில சுரங்களை மட்டும் ஊன்றி அதற்குத் துணைநிற்பார். 1953இல் மறைந்த கிற்றார்க் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை நினைந்து லூயிஸ் இயற்றிய ‘ஜாங்கோ’ 1954இல் ஒலிப்பதிவாயிற்று. இரங்கலாகத் தொடங்கி, உவகையோடு விரிந்து, மீண்டும் இரங்கலில் அமைவது அது. வரம்பும் விரிவும் ஒன்றையொன்று விழுங்காமல் அதில் இயைந்து நிற்கின்றன.

கறுப்பின மக்கள் ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. அவர்தம் இசை, மதுச்சாலையில் பேச்சுக்கிடையே கேட்கும் ஒலியாகவே பலரால் எண்ணப்பட்டது. இந்நால்வரோ விழாவுக்குரிய உடையணிந்து, கச்சேரி மண்டபங்களில் வாசித்தனர். ‘எம்மைக் கேளுங்கள்’ என்னும் வேண்டுகோளை, உரத்துக் கூறாமல், ஒழுங்கினால் உணர்த்தினர்.

அத்தகைய இணக்கமும் எளிதன்று. 1974இல் ஜக்சன் விலகினார். பிறர் ஒருவரை அவரிடத்தில் அமர்த்திக் குழு தொடரவில்லை, கலைந்தது. 1981இல் நால்வரும் மீண்டும் கூடினர். பெருங்குழுவில் ஒருவர் ஓய்ந்தால் கேட்போர் அறியார். நால்வர் குழுவில் ஒருவர் ஓய்ந்தால் அந்த மௌனமும் கேட்கும். சிறுகுழு இசையின் அருமையும் இடரும் அதுவே.