கோரை என்ற ஒரு சொல்லுக்குள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரை மேடையேற்றினால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். இன்று நம் மைதானத்தின் ஓரத்திலும், லயத்துக்குப் பின்னாலுள்ள மரக்கறித் தோட்டத்திலும், தேயிலை மலையின் கான்களிலும் முளைத்துக் கிடக்கும் கோரையைப் பற்றிப் பேசுவோம்.

கோரை என்ற சொல் நம் முன்னோரோடு தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தது. பாய் முடையும் உயரமான செடியும் கோரை, வயலில் களையாக வரும் சின்னச் செடியும் கோரை. இங்கே மலையில் கண்டவற்றையும் அதே சொல்லுக்குள் போட்டுக்கொண்டோம். தாவரவியலில் இது சைப்பரேசியே குடும்பம். உலகில் 5,000க்கு மேற்பட்ட இனங்கள். ஒரு சொல்லுக்கு இது கொஞ்சம் அதிகமான சுமைதான்.

புல்லுக்கும் கோரைக்கும் உள்ள வேறுபாடு கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். பூத்த தண்டை இரண்டு விரல்களுக்கு இடையில் உருட்டிப் பாருங்கள். புல் உருளும், அதன் தண்டு கணுக்களுக்கு இடையில் பெரும்பாலும் குழலாக இருக்கும். கோரை உருளாது, மூன்று விளிம்புகள் விரலில் தட்டும், உள்ளே நிரம்பியிருக்கும். இலைகளும் மூன்று வரிசையில் கிளம்பும். விதிவிலக்கு உண்டு: எலியோக்கரிஸ் சாதியில் பல இனங்களுக்குத் தண்டு உருண்டைதான்.

சிக்கல் கோரைக்கும் கோரைக்கும் இடையில்தான். கோரைக்கிழங்கு எனப்படும் சைப்பரஸ் ரொட்டண்டஸ் பூத்தால், குடைக்கம்பிகள் போல விரிந்த காம்புகளில் செம்பழுப்புக் கதிர்கள் நிற்கும். கில்லிங்கா பூத்தால் தண்டின் நுனியில் சட்டைப் பொத்தான் அளவு உருண்டைத் தலை, சில இனங்களில் வெள்ளை, சிலவற்றில் பச்சை. பூக்காத காலத்தில் இரண்டையும் அருகருகே வைத்தால் படித்தவர்களும் தடுமாறுவார்கள். மணத்தை நம்பவும் முடியாது. கில்லிங்காவின் வேர்த்தண்டுக்கும் வாசம் உண்டு. தோண்டித்தான் பார்க்க வேண்டும். கில்லிங்காவுக்கு மண்ணின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் செதில் மூடிய வேர்த்தண்டு, கிழங்கு கிடையாது. கோரைக்கிழங்குக்கோ மண்ணுக்குள் மணிமாலை கோத்தது போல ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்த கிழங்குகள்.

இதை நமக்கு முன்பே அறிந்தவர்கள் மலையில் புல்லு வெட்டும் நம் அம்மாமார். மேலே இழுத்தால் இலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளே நின்று திரும்ப முளைக்கும் என்பது அவர்களுடைய இடுப்புக்குத் தெரிந்த தாவரவியல். சுரண்டியால் வழித்தெடுத்தால் கோரையோடு மேல்மண்ணும் போய்விடும். உலகின் மிக மோசமான களை என்று 1977இல் வெளியான ஓர் ஆங்கில நூல் முதலிடம் கொடுத்ததும் இந்தக் கோரைக்கிழங்குக்குத்தான். 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கைக்களையெடுப்பின் பாரம் யார் தலையில் கூடியது என்று இந்த மண்டபத்தில் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் வைத்தியர்களான எங்களுக்கும் வேலை வருகிறது. கோரைக்கிழங்கு நாட்டு மருந்துதான். முத்தக்காசு என்றும், சிங்களத்தில் கலாந்துரு என்றும் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் அவித்துக் கொடுப்பார்கள். அதை ஏளனம் செய்யும் கூட்டத்தில் நாங்கள் இல்லை. ஆனால் “கோரை அவிச்சுக் குடுத்தேன் டொக்டர்” என்று ஒரு தாய் சொன்னால் இரண்டு கேள்வி கேட்கிறோம். எந்தக் கோரை? எங்கே தோண்டியது? களைகொல்லி அடித்த மலையிலிருந்து எடுத்த கிழங்கு மருந்தாகாது. குழந்தைக்கு வயிற்றோட்டம் என்றால் முதலில் ஜீவனி கரைத்துக் கொடுங்கள்; கஷாயத்தை நம்பி வைத்தியசாலைக்கு வரப் பிந்த வேண்டாம்.

இந்தத் தீவின் தாவரங்களைச் சேகரித்து உலர்த்திய முன்னோடிகளில் ஒருவரும் வைத்தியர்தான். ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1670களில் இங்கிருந்த போல் ஹெர்மன் சேர்த்த செடிகளைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் ‘ஃப்ளோரா சைலானிக்கா’வை எழுதினார். 1830களில் அன்னா மரியா வாக்கர் என்ற பெண்மணி தன் கணவர் கேணல் வாக்கரோடு மலைநாட்டில் செடி சேகரித்தார்; சிவனொளிபாதமலை ஏறிய அனுபவத்தையும் எழுதி வைத்தார். கரெக்ஸ் வாக்கரி என்றொரு கோரையினம் அந்தக் குடும்பப் பெயரைச் சுமக்கிறது. அந்த லத்தீன் ஈறு ஆண்பால் என்பதை மட்டும் நம் தங்கைமார் குறித்துக்கொள்ளட்டும்.

பெயர்கள் நிலையானவையும் அல்ல. ட்ரைமன் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் ஹூக்கர் 1900இல் முடித்த இலங்கைத் தாவர நூலில் கில்லிங்கா தனிச் சாதி. அண்மைக்கால மரபணு ஆய்வுகள் அதைச் சைப்பரசுக்குள்ளேயே சேர்த்துவிட்டன. மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தெரிந்தவை நெருங்கிய சொந்தம்! ஆனாலும் வேறுபாடு இல்லாமல் போகவில்லை. கோரைக்கிழங்கின் பூவில் சூல்முடி மூன்று, காய் முக்கோணம். கில்லிங்காவில் சூல்முடி இரண்டு, காய் பக்கவாட்டில் தட்டை. கில்லிங்காவுக்குள்ளேயே வெள்ளைத் தலை நெமொராலிஸின் செதிலில், நடு விளிம்பு சிறகு போல நீண்டிருக்கும். பச்சைத் தலை பிரெவிஃபோலியாவில் அந்தச் சிறகு இல்லை. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று போதும்.

ஆகவே சங்கத்திடம் ஒரு கோரிக்கை. கட்டடத்துக்கும் கணினிக்கும் நிதி சேர்க்கிறோம். ஆய்வுகூடத்தில் ஓர் அலுமாரியை உலர்செடித் தொகுப்புக்கு ஒதுக்குவோம். உயர்தர மாணவிகள் கோரையிலிருந்து தொடங்கட்டும், இணைக்கவர்ச் சுட்டியையும் தாங்களே எழுதட்டும். இலையை மட்டும் கிள்ளி வராதீர்கள். முற்றிய காயும் மண்ணுக்குள் இருக்கும் பாகமும் இல்லாவிட்டால் கோரையை யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. சீட்டில் திகதி, தோட்டம், மலை இலக்கம், லத்தீன் பெயர், கூடவே அதைப் பிடுங்கித் தந்த அம்மா அதற்கு என்ன பெயர் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். கிழங்கை நெடுக்காகப் பிளந்து பழைய பத்திரிகைத் தாளுக்குள் அழுத்துங்கள். முழுதாக வைத்தால் அது அலுமாரிக்குள்ளேயே முளைக்கவும் கூடும்.