நூற்றுக்கு ஐந்து
(சிதம்பரத்தில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்குத் துணியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் வியக்கலாம். சென்ற திங்கள் இத்தில்லைக் கீழவீதியில் ஒரு துணிக்கடைக்குச் சென்றேன். என் மகளுக்குக் காலோடு ஒட்டிய காற்சட்டை ஒன்று வேண்டியிருந்தது. கடைத்தம்பி ஒன்றை எடுத்து இருபுறமும் இழுத்துக் காட்டினார். “ஐயா, இது ‘ரீசைக்கிள்டு இசுட்ரெச்சு’. நாட்டுக்குக் கேடில்லாத துணி” என்றார். “அப்படியென்றால் என்ன, தம்பி?” என்று கேட்டேன். அதில் தைத்திருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தெரியவில்லை ஐயா, அப்படித்தான் போட்டிருக்கிறார்கள்” என்றார். அவர்மேற் பிழையில்லை. விற்பவர்க்கும் விளங்காத, வாங்குவோர்க்கும் விளங்காத ஒரு சொல் நம் பையிலிருந்து பணத்தை எடுத்துச் செல்கின்றது. அச்சொல்லுக்குள் இருப்பது என்னவென்று தேடிப் படித்தேன். படித்ததை இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கே மீளும் செயற்கை நார் ஒன்றுண்டு. 1958-இல் அமெரிக்காவில் தூபாண்டு நிறுவனத்தைச் சேர்ந்த சோசப்பு சிவர்சு என்னும் வேதியலறிஞர் அதனை ஆக்கினார். அது பாலியுரேத்தேன் என்னும் நெகிழி வகையால் ஆனது. தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேலும் நீளும், அறாமல் மீளும். ‘இலைக்ரா’ என்பது அந்நிறுவனம் வணிகத்துக்கு இட்ட பெயர். ‘இசுபாண்டெக்சு’ என்பது பொதுப்பெயர். இப்பொதுப்பெயர் பிறந்த கதையைக் கேளுங்கள். ‘விரிகின்றது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் ஏழு எழுத்துகளையும் இடம் மாற்றி அடுக்கினர், புதுப்பெயர் ஆயிற்று. தம் வீட்டில் நாளும் புழங்கும் சொல்லைக் கொண்டே அவர்கள் பெயரிட்டனர். நீளலும் மீளலும் நம் வீட்டுச் சொற்களல்லவா? ‘மீள்நார்’ என்று நாம் சொல்ல என்ன தடை?

இன்று பருத்திப் பின்னலாடைகள் பலவற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் மீள்நார் சேர்க்கின்றனர். நீலக் காற்சட்டைகளில் ஒன்றிரண்டு பங்கு. நீச்சலுடையிலும் உடற்பயிற்சி உடையிலும் பதினைந்து, இருபது பங்குகூட உண்டு. சிறு பங்குதானே என்று தோன்றும். அச்சிறு பங்குதான் முழுத்துணியின் மறுபிறப்பையும் தடுக்கின்றது. எப்படியென்று சொல்கின்றேன்.

திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழும் துண்டுகளை வீணாக்குவதில்லை. அவற்றை நிறம் நிறமாகப் பிரிப்பர். பற்களுள்ள பொறியிலிட்டுக் கிழித்து மீண்டும் பஞ்சாக்குவர். அப்பஞ்சு நூற்பாலையில் மறுபடியும் நூலாகும். முன்பே நிறமிருப்பதால் மறுபடி சாயம் ஏற்ற வேண்டுவதில்லை. சாயக் கழிவால் நொய்யலாறு பட்ட பாட்டையும், 2011-இல் சென்னை உயர்வழக்குமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் அறிந்தவர்க்கு இதன் அருமை விளங்கும்.

அத்துண்டில் மீள்நார் கலந்திருந்தால் என்ன ஆகும்? பொறியின் பல் இழுக்கும்; நார் நீளும். பல் விடும், நார் மீளும். கிழியாமல் உருளையிற் சுற்றிச் சிக்கிக்கொள்ளும். பாலியெசுட்டர்த் துணியாயின் உருக்கி மறுபடி நாராக்கலாம். ஆனால் அவ்வெப்பத்தில் மீள்நார் சிதைந்து உருகிய குழம்பையே கெடுக்கும். மீள்நாரைத் தனியே கரைத்தெடுக்கும் வழியும் உண்டு. அதற்குரிய கரைப்பான்களுட் சில உடலுக்குத் தீங்கானவை, செலவும் மிகுதி. இக்கரணியங்களால், கலந்த துணி பெரும்பாலும் துடைதுணியாகவோ மெத்தைக்குள் அடைப்பாகவோ குப்பைமேடாகவோ முடிகின்றது.

அப்படியானால் கடைத்தம்பி சொன்ன ‘மறுவாக்க மீள்நார்’ பொய்யா? பொய்யன்று. சப்பான் நாட்டு அசாகி காசெய், கொரிய நாட்டு இயோசங் முதலிய நிறுவனங்கள் அதனைச் செய்து விற்கின்றன. ஆனால் அது பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே கழிந்த நாரிலிருந்து செய்யப்படுவது. நாம் உடுத்துக் கிழித்த ஆடையிலிருந்து மீட்டதன்று. ஆலைக்கழிவை மீட்பது நன்றே, அதனைப் பாராட்டுவோம். அந்நாரைப் பருத்தியோடு மறுபடியும் நூற்றுக்கு ஐந்தாகக் கலந்தால், அத்துணியும் அதே பொறியில் அப்படியே சிக்கும். தான் மீண்டு வந்த நார், பிறவற்றை மீளவொட்டாமல் தடுக்கின்றது. இதனைத் துணியில் தைத்த சீட்டுச் சொல்வதில்லை.

மீள்நாரே வேண்டா என்று நான் கூறவில்லை. காயக்கட்டுக்கும் முழங்கால் உறைக்கும் அது வேண்டும். நாள்தோறும் உடுப்பனவற்றுக்கெல்லாம் வேண்டுமா? முழுப் பருத்திப் பனியனை இழுத்துப் பாருங்கள், நீளும், மீளும். நெசவில் பாவும் ஊடையும் நேராகக் கிடக்கின்றன. பின்னலில் நூல் வளையம் வளையமாக நிற்கின்றது. வளையம் விரிந்து சுருங்குவதே அந்த நீட்சி. பருத்தி பருத்தியாகவே இருந்து செய்யும் பணிக்கு அயல்நாரை ஏன் அழைக்க வேண்டும்?

இங்கேதான் தமிழாசிரியனுக்குப் பேச இடம் வருகின்றது. மொழிஞாயிறு பாவாணர் 1956 முதல் 1961 வரை இவ்வூர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் வாழ்நாளெல்லாம் வேர்ச்சொல்லை அகழ்ந்தது எதற்கு? எது நம் நார், எது அயல் நார் என்று பிரித்தறியும் கண் நமக்கு வேண்டும் என்பதற்கே. நூற்றுக்கு ஐந்துதானே என்று விட்ட சொற்கள் என்ன செய்தன என்பதை நாம் அறிவோம். பிரித்தறியக் கூடியது மீளும். பிரித்தறிய முடியாமற் கலந்தது மீளாது. துணிக்கும் மொழிக்கும் இது பொது.

1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழும்பு கடலூர்த் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிற்று. இக்கரையில் அவர்கள் நாடியது நம் நெசவாளர் துணியை. இன்றும் குறிஞ்சிப்பாடியில் தறியோசை கேட்கின்றது. அத்தறியில் பாவு, ஊடை, விழுது, அச்சு என்று உறுப்புக்குறுப்பு தமிழ்ப்பெயர் உண்டு. எழுத்தறியாத நெசவாளரும் தம் தொழிலின் ஒவ்வோர் அசைவையும் தம் மொழியில் அறிந்திருந்தார். இன்று?

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பொருள்களின் நெடும்பயனுக்கென ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி, துணிகளின் வரலாற்றைப் பதியும் மின்னணுக் கடவுச்சீட்டும் வரவிருக்கின்றது. திருப்பூரில் தைத்த சட்டை எதனால் ஆயிற்று என்பதை அந்நாட்டார் தம் மொழியிற் படிப்பர். அதனைத் தைத்த தமிழ்ப்பெண் எம்மொழியிற் படிப்பாள்?

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று: தமிழ்நாட்டில் விற்கும் ஆடையில், எந்நார் எத்தனை பங்கு என்பதும், ‘மறுவாக்கம்’ என்றால் ஆலைக்கழிவா, உடுத்த துணியா என்பதும் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று நாம் கேட்போம். இரண்டு: வாங்கும்போது ஒரே நாரால் ஆன துணியை முதலில் தேடுவோம். மூன்று: ஆசிரியர்களும் மாணவர்களும் மீள்நார், மறுவாக்கம் போன்ற சொற்களை நாளும் புழங்குவோம். புழங்காத சொல் பெட்டியில் மடித்த துணி; செல்லரித்துப் போகும்.

அன்று நான் அந்தக் காற்சட்டையை வாங்கவில்லை. முழுப் பருத்தியில் ஒன்று வாங்கினேன். கடைத்தம்பிக்கு மீள்நார் என்னும் சொல்லைச் சொல்லிக்கொடுத்து வந்தேன். அடுத்த முறை சென்றபோது அவர் வேறொருவரிடம், “இதில் மீள்நார் நூற்றுக்கு ஐந்து, அம்மா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மையாருக்கு அது விளங்கிற்று.

வாழ்க தமிழ்!