மிளகாயும் வலியும்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில், மருந்தியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

“முழங்கால் வலியைப் பற்றிப் பேசுங்கள், கூட்டம் வரும்” என்று செயலாளர் சொன்னார். வந்திருக்கிறது. ஆனால் நான் மிளகாயிலிருந்து தொடங்கப் போகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிளகாயைக் கடித்தால் வாய் எரிகிறது என்கிறோம். வாயில் சூடு எதுவும் ஏறுவதில்லை. பிறகு ஏன் எரிகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜூலியஸ். ஒரு நாள் சூப்பர் மார்க்கெட்டில் மிளகாய் சாஸ் அடுக்கின் முன்னால் நின்று, இதை எப்படியாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று புலம்பியிருக்கிறார். கூட வந்த மனைவி, அவரும் விஞ்ஞானிதான், “அப்படியானால் வேலையை ஆரம்பியுங்கள்” என்றாராம்.

வலி நரம்புகளில் செயல்படும் மரபணுத் துண்டுகளை, மிளகாய்க் காரத்தைக் கண்டுகொள்ளாத வேறு செல்களுக்குள் அவருடைய குழுவினர் செலுத்திப் பார்த்தார்கள். எந்தத் துண்டு போனதும் அந்தச் செல் காரத்தை உணர்கிறது என்று சலித்துச் சலித்துத் தேடி, கடைசியில் ஒரே ஒரு மரபணுவைப் பிடித்தார்கள். 1997-இல் அது வெளியானது. அந்த மரபணு உருவாக்குவது நரம்பின் சுவரில் இருக்கும் ஒரு சிறு கதவு. அயன் சேனல் என்பது அதைத்தான். கதவு திறந்தால் கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும். நரம்பு மூளைக்குச் சேதி அனுப்பும். இந்தக் கதவின் பெயர் டிஆர்பிவி1. சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் இதே கதவுதான் திறக்கிறது. மூளைக்குப் போகும் சேதி ஒன்றுதான்: “சுடுகிறது!” அதனால்தான் காரமும் சூடும் நமக்கு ஒரே மாதிரி இருக்கின்றன. 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை, தொடுவுணர்வின் கதவுகளைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுடன் ஜூலியஸ் பகிர்ந்துகொண்டார்.

பால்கனித் தொட்டியில் மிளகாய் வளர்ப்பவர்கள் கிளியின் மேல் கோபப்பட வேண்டாம். பறவைகளுக்கும் இந்தக் கதவு உண்டு, ஆனால் அது காரத்துக்குத் திறப்பதில்லை. கிளிக்கு அது வெறும் பழம்.

சரி, இந்தக் கதவைப் பூட்டிவிட்டால் வலியே இருக்காதே? மருந்து நிறுவனங்களும் அப்படித்தான் நினைத்தன. மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உடல் சூடு 40 டிகிரி வரை ஏறியது. உடம்பின் வெப்பத்தைச் சீராக வைப்பதிலும் அந்தக் கதவுக்குப் பங்கு இருக்கிறது. வேறு சில மருந்துகளால் சூடே உறைக்காமல் போனது; கொதிக்கும் காபியைக் கூசாமல் குடித்துவிடலாம், வாய் வெந்துபோகும்.

வலியே தெரியாமல் பிறப்பவர்களும் இருக்கிறார்கள். பாகிஸ்தானில், லாகூரில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டினான். கையில் கத்தியைக் குத்திக்கொள்வான், தணல் மேல் நடப்பான். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் அவனை ஆராய நினைத்தார்கள். அதற்குள் கூரையிலிருந்து குதித்து, பதினான்கு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டான். அவனுடைய உறவுக் குடும்பங்களில் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. நரம்பில் நாவ் 1.7 என்ற சோடியம் கதவு வேலை செய்யாததே காரணம். அந்தப் பிள்ளைகளுக்கு உதட்டிலும் நாக்கிலும் தாங்களே கடித்த காயங்கள் இருந்தன.

அதன் நெருங்கிய சொந்தமான நாவ் 1.8 கதவை மட்டும் அடைக்கும் சூசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்கா அனுமதி தந்தது. திடீரென வரும் வலிக்கு மட்டும்தான். நம் முழங்காலுக்கு இன்னும் இல்லை. முழங்காலுக்கு மிளகாய்ச் சத்துள்ள களிம்பு உண்டு. முதலில் எரியும், தொடர்ந்து பூசினால் அந்த நரம்பு முனைகள் களைத்து அடங்கும். பூசிய கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள்!

கடைசியாக ஒன்று. இங்கே சர்க்கரை நோயுள்ளவர்கள் நிறையப் பேர். பல வருடச் சர்க்கரை பாதத்து நரம்புகளைக் கெடுத்தால், லாகூர்ப் பையனுக்குப் பிறவியில் வந்தது நமக்கு வயதில் வரும். மொட்டை மாடியில் வற்றல் காய வைக்கச் செருப்பில்லாமல் போகாதீர்கள். ராத்திரி படுக்குமுன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். காயம் இருந்து வலி இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.