அறுவையின் அளவு

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, மாற்று மருத்துவமா என்று கேட்கும் கேள்விக்குள்ளேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அறுவை என்பது நூறாண்டுகளாக மாறாமல் நிற்கும் ஒன்று என்றும், அதற்கு எதிரே நிற்பவை எல்லாம் அதைவிட மென்மையானவை என்றும் அக்கேள்வி எடுத்துக்கொள்கிறது. ஆனால் மார்பக அறுவையைப் போலத் தன் சொந்த மருத்துவர்களாலேயே கேள்விக்கு உட்படுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டு, அச்சோதனையின் முடிவுக்குப் பணிந்து தன்னைச் சுருக்கிக்கொண்ட சிகிச்சைகள் மருத்துவ வரலாற்றில் மிகச் சிலவே. அந்தச் சுருக்கத்தின் கதையை அறியாமல் எந்த மாற்றையும் எடைபோட முடியாது.

அக்கதை வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரிடமிருந்து தொடங்குகிறது. 1882இல் நியூயார்க்கில் தொடங்கி, பின்னர் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நிலைநிறுத்தி, 1894இல் அவர் விரிவாக வெளியிட்ட முறையில் மார்பகம் மட்டுமன்றி அதன் கீழுள்ள மார்புத் தசைகளும், அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களும் ஒரே துண்டாக அகற்றப்பட்டன. நிணநீர்க் கணு என்பது திசுக்களிலிருந்து வடியும் நீரை வடிகட்டித் திருப்பியனுப்பும் சிறு முடிச்சு. புற்றணுக்கள் முதலில் தங்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். நோய் மையத்திலிருந்து படிப்படியாக வெளியே நகர்கிறது, ஆகவே எவ்வளவு அகலமாக அறுக்கிறோமோ அவ்வளவு உறுதியாக அது வேரறும் என்பதே ஹால்ஸ்டெட்டின் எண்ணம். அவர் பெருமையோடு எண்ணிக் காட்டியது அறுத்த இடத்தில் கட்டி மீண்டும் வந்ததா என்பதைத்தான். அதில் அவர் உண்மையிலேயே வென்றார். ஆனால் அப்பெண்கள் நெடுநாள் வாழ்ந்தார்களா என்ற கேள்வி வேறு, அதற்கான விடையும் வேறு. குழிந்த மார்போடும், வடியாத நீரால் ஆண்டுக்கணக்கில் வீங்கிய கையோடும், தூக்க முடியாத தோளோடும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் மேலைநாட்டுப் பெண்கள் அந்த முறைக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தனர்.

ஐயம் கொண்டவர்கள் இடையில் இல்லாமலில்லை. பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸின் தம்பியான ஜெப்ரி கெய்ன்ஸ், இலண்டன் புனித பார்த்தலோமியோ மருத்துவமனையில் 1920களிலேயே ரேடியம் ஊசிகளைக் கட்டியைச் சுற்றிச் செலுத்தி, மார்பகத்தைக் காக்க முயன்றார். 1950களில் கிளீவ்லாந்தின் ஜார்ஜ் கிரைல் ஹால்ஸ்டெட் முறையைக் கைவிட்டார். சக மருத்துவர்கள் இருவரையும் ஏற்கவில்லை. தனி மருத்துவர் ஒருவரின் அனுபவம், அது எத்தனை நேர்மையானதாக இருந்தாலும், எதிரே நிற்பவரின் அனுபவத்தை வெல்லும் வலிமை உடையதன்று.

அந்த வலிமை பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் பிஷர் 1971இல் தொடங்கிய ஆய்விலிருந்துதான் வந்தது. 1,600க்கும் மேற்பட்ட பெண்கள், எவருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் போன்ற முறையில் முடிவுசெய்யும் சோதனைக்கு இசைந்தனர். குலுக்கலின் பயன் எளியது: இளையோர், முதியோர், சிறு கட்டியினர், பெருங் கட்டியினர் எல்லாரும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் கலந்துவிடுவதால், இறுதியில் தெரியும் வேறுபாடு சிகிச்சையின் வேறுபாடாகவே இருக்கும். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும், ஹால்ஸ்டெட் முறையில் தசையை இழந்தவர்களும் தசையைக் காத்துக்கொண்டவர்களும் ஒரே அளவில்தான் உயிர் பிழைத்திருந்தனர். 1976இல் பிஷர் இன்னொரு படி மேலே போனார்: மார்பகம் முழுவதையும் எடுப்பது, கட்டியை மட்டும் எடுப்பது, கட்டியை எடுத்துக் கதிர்வீச்சும் கொடுப்பது, அதாவது தமிழ்நாட்டு மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் சிகிச்சையைச் சேர்ப்பது, ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார். உயிர் பிழைப்பதில் மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்தவர்களுள் இருபது ஆண்டுகளில் 39 விழுக்காட்டினருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியது, கதிர்வீச்சும் பெற்றவர்களுள் 14 விழுக்காட்டினருக்கே திரும்பியது. மிலான் நகரில் உம்பெர்த்தோ வெரோனெசி 701 பெண்களிடம் நடத்திய ஆய்வும் இதே முடிவுக்கு வந்தது. இவ்விருவரின் இருபதாண்டு முடிவுகளும் 2002இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் அருகருகே வந்தன.

பிஷரின் ஆய்வும் ஐயத்துக்குத் தப்பவில்லை. அதில் பங்குகொண்ட மான்ட்ரியல் மருத்துவர் ஒருவர் சில நோயாளிகளின் தகவல்களைத் திருத்தியிருந்தது 1994இல் வெளியே தெரிந்து, பிஷர் தம் தலைமைப் பொறுப்பையே இழந்தார். அந்தத் தகவல்கள் முழுவதையும் நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டபோதும் முடிவு மாறவில்லை. குற்றம் கண்டுபிடிக்கப்பட்டதும், கணக்கு மீண்டும் போடப்பட்டதும் அந்த ஆய்வின் நம்பகத்தைக் கூட்டினவே அன்றிக் குறைக்கவில்லை.

இனி மாற்று வழிகள். இங்கே ஒரு பிரிவினை தேவை. முறையான சிகிச்சையை விட்டுவிட்டு அதன் இடத்தில் வைக்கப்படுவது மாற்று. அதனோடு சேர்த்து, களைப்பையும் உறக்கமின்மையையும் தணிக்க மேற்கொள்ளப்படுவது துணை. யோகப் பயிற்சி மன அழுத்தத்தையும், அக்குபங்சர் சில ஹார்மோன் மாத்திரைகள் தரும் மூட்டு வலியையும் தணிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவை துணைகள், இவற்றோடு எவருக்கும் சண்டை இல்லை. ஆனால் முள்சீத்தா இலைக் கஷாயமோ, பழச்சாறு உண்ணாநோன்போ கட்டியைக் கரைக்கும் என்னும் கூற்று மாற்றின் கூற்று. அறுவைக்குப் பிஷர் வைத்த அதே கேள்வி, உயிர் பிழைப்பு கூடுகிறதா என்ற கேள்வி, அதற்கும் வைக்கப்பட வேண்டும்.

‘அவர் அறுக்காமலே ஐந்து ஆண்டு இருக்கிறாரே’ என்ற சாட்சியம்தான் இவ்விடத்தில் எப்போதும் வந்து நிற்கிறது. அது பொய்யாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்பதே இதில் நுட்பமான செய்தி. இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1805 முதல் 1933 வரை எந்தச் சிகிச்சையும் பெறாத 250 மார்பகப் புற்றுநோயாளிகளின் பதிவேடுகளை 1962இல் ஆராய்ந்தபோது, அறிகுறி தோன்றியதிலிருந்து பாதிப்பேர் 2.7 ஆண்டுக்குள் இறந்திருந்தனர். ஆயினும் 18 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டு வாழ்ந்திருந்தனர், பத்து ஆண்டு வாழ்ந்தவர்களும் ஒருசிலர் இருந்தனர். எந்த மருந்தும் உண்ணாத அவர்கள் ஒரு கஷாயத்தை உண்டிருந்தால், அந்தப் புகழ் முழுவதும் கஷாயத்துக்கே போயிருக்கும். கட்டியை அறுத்து எடுத்துவிட்டு, மேற்கொண்டு கீமோவை மட்டும் மறுத்து மூலிகைக்குப் போனவர் பிழைத்தால், அவரைக் காத்த அறுவையை ஒருவரும் பேசுவதில்லை, மூலிகைதான் மேடையேறுகிறது.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கில், வேறு உறுப்புக்குப் பரவாத நிலையிலேயே மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்த 281 அமெரிக்கப் புற்றுநோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களுள் மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்தாண்டுக்குப் பின் பிழைத்திருந்தோர் 58 விழுக்காடு. முறையான சிகிச்சை பெற்ற ஒத்த நோயாளிகளில் அது 87 விழுக்காடு. இது குலுக்கல் முறை ஆய்வன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இடைவெளி சிறியதன்று. அதே குழுவினரின் அடுத்த ஆய்வில், முறையான சிகிச்சையோடு துணை மருத்துவமும் மேற்கொண்டவர்களில் மூவரில் ஒருவர் கீமோவை மறுத்திருந்தார்; மற்றவர்களில் அவ்வாறு மறுத்தோர் நூற்றுக்கு மூவர் மட்டுமே. துணையாக வந்தது மெல்ல மெல்ல மாற்றாக மாறிவிடுவதன் ஆபத்தை இந்த எண்கள் காட்டுகின்றன.

தாவரத்துக்கு மருத்துவம் பகையா என்றால், இல்லை. தமிழ்நாட்டு வீட்டு வாசல்களிலும் கல்லறைகளிலும் பூக்கும் நித்தியகல்யாணியின் இலைகள், நீரிழிவுக்கான நாட்டு மருந்தாக ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்டன. சர்க்கரையை அவை குறைக்கவில்லை, வெள்ளையணுக்களைக் குறைத்தன. அந்தத் தடத்தைப் பற்றிப் போன ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வினோரெல்பின் இன்று மார்பகப் புற்றுநோய்க்கான மருந்துகளில் ஒன்று. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த டாக்சால் 1994இல் இந்நோய்க்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மாறாக, பாதாம் இன வித்துகளிலிருந்து எடுத்த லேட்ரைல் என்ற மாற்று மருந்து 1982இல் 178 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, பயன் ஏதும் தராததோடு சிலரின் இரத்தத்தில் சயனைடை நஞ்சாகும் அளவுக்கு ஏற்றியதும் தெரியவந்தது. இவை எல்லாமே செடிகொடிகளின் மக்கள்தாம். சோதனைதான் இவற்றைப் பிரித்துக் காட்டியது.

எனினும் அறுவையை விட்டு ஓடுபவர்களை அறியாமை உடையோர் என்று மட்டும் சொல்லிவிடுவது நேர்மையாகாது. 1970கள் வரை அமெரிக்காவில் சதைப் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண், கண்விழிக்கும்போதே மார்பகம் இல்லாதவளாக இருப்பது வழக்கமாயிருந்தது. பரிசோதனைக்கும் அறுவைக்கும் நடுவே அவளுடைய சம்மதத்துக்கு இடமே விடப்படவில்லை. 1974இல் நோயுற்ற ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் அதற்கு மறுத்துப் போராடினார். 1979இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனம் கூட்டிய குழு, அவரையும் உறுப்பினராகக் கொண்டு, பரிசோதனையையும் அறுவையையும் தனித்தனியே செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. விளக்கம் மறுக்கப்படும் இடத்தில் வதந்திதான் விளக்கமாகிறது. கத்தி பட்டால் பரவிவிடும் என்ற அச்சம் தமிழ்நாட்டில் இன்றும் நிலைத்திருப்பதற்கு, நோயாளியிடம் இரண்டு நிமிடம் பேச நேரமில்லாத மருத்துவமனைகளும் ஒரு காரணம்.

அறுவை பயன்படாத இடங்களையும் அறுவை மருத்துவர்களே தேடிக் கண்டுபிடித்து வருகின்றனர். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 350 பெண்களிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ ஏற்கனவே பரவியபின் மார்பகக் கட்டியை அறுத்தெடுப்பது ஆயுளைக் கூட்டுவதில்லை என்று காட்டியது. பால் நாளத்தின் சுவரைத் தாண்டாத, அபாயம் குறைந்த புற்றணுக்களை உடனே அறுக்காமல் கண்காணித்து வரலாமா என்பதை 957 அமெரிக்கப் பெண்களிடம் சோதித்த ஆய்வின் முதல் முடிவு 2024இல் வந்தது. இரண்டு ஆண்டுகளில் ஊடுருவும் புற்றுநோய் கண்டவர்கள் அறுவைப் பிரிவில் 5.9 விழுக்காடும், கண்காணிப்புப் பிரிவில் 4.2 விழுக்காடும் ஆவர். மெதுவாக வளரும் நோய்க்கு இரண்டு ஆண்டு குறுகிய காலமே என்பதால் கண்காணிப்புப் பிரிவினர் இன்னும் தொடர்ந்து பார்க்கப்படுகின்றனர்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேமோகிராம், அதில் மாற்றம் தெரிந்தால் மறுபடியும் ஊசிப் பரிசோதனை, தேவைப்பட்டால் அறுவை.