துன்ப நேரத்தில் நன்றிப் பலி

(பொன்விழா நவநாளில், மாலைத் திருப்பலியின்போது பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்பது நன்றி விழா. கோயிலுக்கு வெள்ளையடித்து, கொடியேற்றி, தோரணம் கட்டி, ஐம்பது ஆண்டுகளாக நம்மைக் காத்து வந்த ஆண்டவருக்கு நன்றி கூறக் கூடியிருக்கிறோம். ஆனால் இந்தக் கூட்டத்தில் கண் கலங்கி நிற்பவர்களும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

குமரிக் கடலோர மக்களாகிய நாம் பார்த்த துன்பங்கள் கொஞ்சமல்ல. 2004 டிசம்பர் 26 அன்று திருக்குடும்ப விழா ஞாயிறு. அன்று காலையில்தான் ஆழிப்பேரலை எழும்பிக் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போயிற்று. 2017 நவம்பர் 30, புனித பெலவேந்திரர் திருநாள். வலை வீசிப் பிழைத்த அந்த அப்போஸ்தலரின் திருநாளன்றே ஒக்கிப் புயல் அடித்தது. ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்த நம் சகோதரர் பலர் கரை திரும்பவேயில்லை. உடலும் கிடைக்காமல், கல்லறைத் திருநாளன்று மெழுகுதிரி கொளுத்தி வைக்க ஒரு கல்லறைகூட இல்லாத தாய்மாரும் மனைவிமாரும் நம் கரையில் இருக்கிறார்கள்.

அவர்களிடம் போய், "நன்றி சொல்லுங்கள், மனநிறைவோடு இருங்கள்" என்று சொல்ல நமக்கு நா எழுமா? அப்படிச் சொன்னால் அது விசுவாசமா, வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் நாம் பொன்விழாக் கொண்டாடினால் அது வெறும் மத்தாப்பு விழாவாகத்தான் முடியும்.

இதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ளவர் ஒருவர் உண்டு. அவர் புனித சின்னப்பர். மனநிறைவைப் பற்றிப் பிலிப்பியருக்கு அவர் எழுதிய திருமுகம் சிறையிலிருந்து எழுதப்பட்டது. தாம் உயிரோடு வெளியே வருவோமா என்பதே தெரியாத வேளையில் எழுதினார். குறைவிலும் நிறைவிலும், பசியிலும் வயிறு நிறைந்த நாளிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அதில் கூறுகிறார். "கற்றுக்கொண்டேன்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அது பிறவியிலேயே வந்த குணமல்ல; ஒரே நாளில் வானத்திலிருந்து இறங்கிய வரமுமல்ல. அதே பிலிப்பி நகரில் முன்பு அவரும் சீலாவும் அடிபட்டு, கால்களைத் தொழுமரத்தில் மாட்டிக்கொண்டு, நள்ளிரவில் இறைவனைப் புகழ்ந்து பாடினார்கள் அல்லவா? அந்த இரவும் அவருக்கு ஒரு பள்ளிக்கூடமே.

அந்த நாளில் கிரேக்க ஞானிகளும் மனநிறைவைப் போதித்தார்கள். எவரையும் எதிர்பாராமல், எதற்கும் கலங்காமல், தன்னில் தானே நிறைவாய் இருப்பதே அவர்களுடைய இலட்சியம். சின்னப்பரின் நிறைவு அத்தகையதல்ல. தமக்கு வலுவூட்டுகிற கிறிஸ்துவிடமிருந்து அந்த நிறைவு வருகிறது என்கிறார். உடனே, தம் துன்பத்தில் பிலிப்பியர் பங்குகொண்டது நல்லது என்றும் பாராட்டுகிறார். அவர்கள் எப்பப்பிரோதீத்து என்ற சகோதரர் வழியாக அவருக்கு உதவி அனுப்பியிருந்தார்கள். வந்தவரோ நோயுற்றுச் சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தார். அவர் இறந்திருந்தால் தமக்குத் துயரத்தின் மேல் துயரம் வந்திருக்கும் என்று சின்னப்பர் மறைக்காமல் எழுதுகிறார்.

ஆகவே, அன்பர்களே, கிறிஸ்தவ மனநிறைவு கண்ணீருக்குத் தடை போடுவதில்லை. இலாசரின் கல்லறையருகே நம் ஆண்டவரே கண்ணீர் விட்டார். "அழாதே, எல்லாம் தேவ சித்தம்" என்று ஒரே வார்த்தையில் துக்கத்தை மூடி வைப்பது நம் வேதமல்ல. எந்தச் சூழ்நிலையிலும் நன்றி கூறும்படி சின்னப்பர் தெசலோனிக்கருக்கு எழுதினார். ஆனால் சாவையும் பசியையும் நல்லவை என்று நாம் சொல்ல வேண்டும் என அதற்குப் பொருளல்ல. அந்தச் சாவிலும் பசியிலும்கூட நம்மைக் கைவிடாத ஒருவர் இருக்கிறார் என்பதே நம் நன்றியின் அடிப்படை.

இதை எங்கே காண்கிறோம்? இதோ, இந்தப் பீடத்தில். நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயருக்கே "நன்றி" என்றுதான் பொருள். இயேசு அந்த நன்றியை எப்போது செலுத்தினார்? அப்பங்கள் பெருகிய நாளிலும் நன்றி கூறினார், உண்மைதான். ஆனால் காட்டிக் கொடுக்கப்பட்ட அந்த இரவிலும், மறுநாள் சிலுவை காத்திருக்கிறது என்று அறிந்தும், அப்பத்தைக் கையில் எடுத்து நன்றி கூறினார். கூறியதோடு நில்லாமல் அதைப் பிட்டுத் தம் சீடருக்குக் கொடுத்தார். நன்றியும் பகிர்வும் அன்று ஒரே செயலாயின. நாம் பூசை கண்டு வீடு திரும்பும்போது அவ்விரண்டையும் பிரித்துவிடுகிறோமா என்று ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய ஏற்பாட்டில் ஐம்பதாம் ஆண்டு எப்படிக் கொண்டாடப்பட வேண்டும் என்று லேவியர் ஆகமம் சொல்கிறது. எக்காளம் ஊத வேண்டும். விற்றுப்போன நிலம் உரியவனிடம் திரும்ப வேண்டும். அடிமைப்பட்டவன் விடுதலையாகித் தன் குடும்பத்தாரிடம் போக வேண்டும். அப்படியானால் நம் பொன்விழா, பட்டாசும் பந்தியுமாக முடியலாமா? மீன்பிடித் தடைக்காலத்தில் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது எத்தனை வீடுகளில் நகை அடகுக்குப் போகிறது! வட்டி எத்தனை பேரை விழுங்குகிறது! அந்த வீட்டின் அடுப்பு எரிவதற்கு நாம் ஒரு கைப்பிடி அரிசி கொடுத்தால், அந்த வீட்டார் ஆண்டவருக்கு நன்றி சொல்ல நாமே ஒரு காரணமாகிறோம். சிறையிலிருந்த சின்னப்பரின் நன்றிக்குப் பிலிப்பியரின் கைகள் காரணமாயின அல்லவா?

இந்தப் பொன்விழாவின் நினைவாக நாம் மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, இரவில் குடும்பச் செபமாலை முடிந்ததும், அன்று பெற்ற நன்மை ஒன்றையாவது வீட்டார் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லட்டும். ஆத்தும சோதனை செய்பவர் இறைவனிடம் பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறியே தொடங்க வேண்டும் என்று புனித இஞ்ஞாசியார் கற்பித்தார். குறைகளை எண்ணுமுன் கொடைகளை எண்ணுவோம். இரண்டாவது, துக்க வீட்டுக்குப் போனால் போதனை செய்யாமல் பக்கத்தில் அமர்ந்திருப்போம். நம் மௌனத்தையும் ஆண்டவர் பயன்படுத்துவார். மூன்றாவது, கடலில் காணாமற்போனவர்களின் குடும்பங்களைக் கல்லறைத் திருநாளன்று தனியே விட்டுவிடாமல், அவர்களோடு சேர்ந்து நின்று நாமும் மெழுகுதிரி கொளுத்துவோம்.

நன்றி சொல்ல இன்னும் மனம் வராதவர்கள் நம்மிடையே இருந்தால் அவர்கள் அஞ்ச வேண்டாம். அவர்களுக்கும் சேர்த்துத் திருச்சபை இந்தப் பீடத்தில் நன்றி கூறிக்கொண்டிருக்கிறது. அவர்கள் தங்கள் கண்ணீரையே காணிக்கையாகக் கொண்டு வரட்டும். இரசத்தில் கலக்கும் சிறு துளி நீரைப்போல் ஆண்டவர் அதையும் தம் பலியோடு சேர்த்துக்கொள்வார்.

வியாகுலத் தாயாகிய மரியன்னை நமக்காகப் பரிந்து பேசுவாளாக. பிதா, சுதன், பரிசுத்த ஆவியாராகிய இறைவன் நம் பங்கின் எல்லாக் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.